இவதானி சென்செயின் வலப்பக்கம்

செப்டம்பர் 2, திங்கள்

இரண்டாம் பருவம் தொடங்கியது. முப்பத்தொரு மாணவர்களும் வந்திருந்தார்கள். பள்ளியில் மொத்தமே அவ்வளவுதான். இந்த ஜப்பானிய மலை ஊரான கமினோசேயில் யாரும் புதிதாகக் குடிவருவதில்லை. ஏப்ரலில் நான் வந்ததை ஊர்ச் செய்தி இதழில் படத்துடன் போட்டார்கள். பக்கத்திலேயே புதிதாக வாங்கிய பனி அள்ளும் வண்டியின் படம். வண்டியின் படம் பெரியது.

கோமதிநாயகம் என்ற பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. முதல் வாரமே 'கோமா சென்செய்' ஆக்கிவிட்டார்கள். சென்செய் என்றால் ஆசிரியர். கோமா என்றால் எள். கோமதி அம்மன் நினைவாகப் பெயர் வைத்த அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

வேலை, ஆங்கில ஆசிரியை இவதானி சென்செய்க்கு உதவியாள். அவருக்கு ஐம்பத்தேழு வயது. அவர் இலக்கணம் நடத்துவார், கை காட்டும் இடத்தில் நான் வாய் திறப்பேன். அவர் வகுப்பில் மூன்று விதிகள். முகக்கவசம் போடக் கூடாது, உச்சரிப்பு கெட்டுவிடும். பதில் சொல்கிறவர் எழுந்து அவரைப் பார்த்து நின்றுதான் சொல்ல வேண்டும். நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் நிற்க வேண்டும், நடக்க வேண்டும். இடப்பக்கம் போனால் சுற்றி வந்து என்னை வலப்பக்கம் ஆக்கிக்கொள்கிறார். மூத்தவர்களுக்கு இடப்பக்கம் நடப்பது இங்கே மரியாதைக் குறைவு போலிருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நான்கு மணிக்கு என் மனைவி வடிவு கூப்பிட்டாள். ஊரில் அப்போது பன்னிரண்டரை, சமையலை முடித்துவிட்டுப் பேசுவாள். மழை இல்லையாம். போஸ்ட் ஆபீஸில் அவளுடைய கவுண்டருக்குப் புது மின்விசிறி வந்திருக்கிறதாம். பிறகு, "அந்த விஷயம் யோசிச்சீங்களா?" என்றாள். சிக்னல் சரியில்லை, சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்து பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைச் செல்போனில் ஒரு மணி நேரம் பார்த்தேன். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

குப்பைப் பையைத் திருப்பி வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் எழுதவில்லையாம். 'எள்' என்று எழுதி மறுபடி வைத்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

கேட்டு எழுதும் தேர்வு. பாடப்புத்தகத்தோடு வந்த ஒலிப்பதிவைப் போட்டால் போதும். இவதானி சென்செய்க்கு அது பிடிப்பதில்லை. இயந்திரக் குரலில் உயிர் இல்லை என்றார். என்னையே படிக்கச் சொல்லி எதிரே வந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உச்சரிப்பை இவ்வளவு மதித்த ஆள் இதற்கு முன் கிடையாது. கோவில்பட்டியில் பொறியியல் கல்லூரியில் பத்து வருடம் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன், அங்கே கடைசி பெஞ்சு மட்டுமல்ல, முதல் பெஞ்சும் தூங்கும்.

பிற்பாடு, மூன்றாம் வகுப்பு (நம் ஊர்க் கணக்கில் ஒன்பது) ஹருகா எழுந்து 'தர்ட்டீன்' என்றாள். இவதானி சென்செய் 'வெரி குட்' என்று பலகையில் முப்பது என்று எழுதினார். ஹருகா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. நெடுங்காலம் பாடம் எடுத்தவர்களுக்கு இப்படி வருவது சகஜம்.

அக்டோபர் 3, வியாழன்

பள்ளிச் சாப்பாட்டில் இன்று கெண்டை மாதிரி ஒரு மீன். முள் எடுத்துக்கொண்டிருக்கும்போது, எனக்குக் குழந்தைகள் உண்டா என்று இவதானி சென்செய் கேட்டார்.

ஜப்பானிய மொழியில் ஆள் இல்லை என்பதற்கு 'இமாசென்'. இருந்தார் என்பதற்கு 'இமாஷிதா'. நிகழ்காலம், இறந்தகாலம். நான் நிகழ்காலத்தில் சொன்னேன். இலக்கணப்படி அதில் பிழை இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

வடிவு தத்தெடுப்புப் பதிவுக்கான படிவங்களை நிரப்பிவிட்டாளாம். அடுத்து அந்த அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வீட்டைப் பார்க்க வருவார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசுவார். இரண்டு பேரும் மனதாரச் சம்மதித்தால்தான் மேற்கொண்டு நடக்கும். அதன் பிறகும் வரிசையில் இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். இப்போதே தொடங்கினால்தான் நாற்பது வயதுக்குள் கையில் ஒரு பிள்ளை இருக்கும் என்றாள். ஒரு வருடம் என்று சொல்லித்தானே போனீர்கள், மார்ச்சோடு வந்துவிடுவீர்கள்தானே என்றும் கேட்டாள்.

"கேக்குதா?" என்றாள்.

விட்டு விட்டுக் கேட்பதாகச் சொன்னேன்.

மாலையில் ஜன்னல் கண்ணாடி துடைத்தேன். வெளிப்பக்கமும்.

அக்டோபர் 24, வியாழன்

கரடிக் காலம். இந்த வருடம் மலையில் ஓக் மரக் காய் விளையவில்லை என்பதால் கரடிகள் ஊருக்குள் வருகின்றன. தெருவுக்குத் தெரு கம்பத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது. 'இன்ன இடத்தில் கரடி ஒன்று காணப்பட்டது, கவனமாக இருங்கள்' என்று ஒரு பெண் குரல், ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது போல நிதானமாகச் சொல்கிறது. பிள்ளைகள் பையில் மணி கட்டிக்கொண்டு வருகிறார்கள். காலையில் பள்ளி வாசலில் நின்றால் மாட்டு வண்டிகள் வருவது போல் இருக்கிறது.

இதற்காக ஆசிரியர் கூட்டம் ஒன்று. துணைத் தலைமை ஆசிரியர் கொண்டோ அரைமணி நேரம் பேசினார். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் காக்கி மரம் ஒன்று நிற்கிறது. காக்கி என்பது பார்க்கத் தக்காளி போலிருக்கும் ஆரஞ்சு நிறப் பழம். கரடிக்கு உயிர். பறித்துவிட வேண்டும் என்றார். யார் பறிப்பது என்று முடிவாகவில்லை.

கூட்டம் முடிந்ததும் இவதானி சென்செய் என்னைத் தனியாக அழைத்துப் போய், கூட்டத்தில் பேசியதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். தனக்கு அது நல்ல பயிற்சியாம். எனக்குப் பாதிதான் புரிந்திருந்தது. அந்தப் பாதியைச் சொன்னேன். குறிப்பேட்டில் கவனமாக எழுதிக்கொண்டார். ஜப்பானியக் கூட்டத்தில் ஜப்பானியர்கள் பேசியதை ஒரு ஜப்பானியருக்கு நான் விளக்கியிருக்கிறேன். இது நான்காவது முறை.

நவம்பர் 3, ஞாயிறு

அந்த அம்மா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துபோனாராம். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டிருக்கிறார். வடிவின் குரலில் ஏதோ மாற்றம் இருந்தது. சளியாக இருக்கலாம். தனியாக உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாளாம். போன வருடத்தைப் பற்றியும் கேட்டாராம். அதற்கு மட்டும் இரண்டு பேரும் இருக்கும்போது பேசலாம் என்று சொல்லிவிட்டாளாம். நீண்ட நேரம் பேசினாள்.

லைன் சுத்தமாகக் கிடைக்கவில்லை என்றேன்.

அரிசி தீர்ந்துவிட்டது. ஐந்து கிலோ வாங்க வேண்டும்.

நவம்பர் 6, புதன்

காய்ச்சல் பரவுகிறது. ஏழு பேர் வரவில்லை. எல்லா வகுப்பிலும், ஆங்கில வகுப்பு உட்பட, முகக்கவசம் கட்டாயம் என்று கொண்டோ அறிவித்தார். இவதானி சென்செய் எழுந்து ஏதோ சொல்ல வந்தார், சொல்லாமல் உட்கார்ந்தார்.

இரண்டாம் பாடவேளை, மூன்றாம் வகுப்பு. ஒரு பையன் எழுந்து, கழிப்பறைக்குப் போகலாமா என்று ஆங்கிலத்தில் சரியாகக் கேட்டான். இவதானி சென்செய், "வெரி குட், உட்கார்" என்றார். அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து மறுபடி கேட்டான். "வெரி குட்." யாரும் சிரிக்கவில்லை. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதற்குச் சிரிக்கவில்லை. நான் அவனைக் கதவுப் பக்கம் தள்ளி அனுப்பிவைத்தேன்.

மீதி நேரம் முழுக்க அவர் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. சுண்ணக்கட்டி இரண்டு முறை உடைந்தது.

வலப்பக்கம் என்பது மரியாதை இல்லை.

நவம்பர் 7, வியாழன்

இன்றிலிருந்து, பிள்ளைகள் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் நான் பலகையின் ஓரத்தில் எழுதுகிறேன். இவதானி சென்செய் அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறார். நாங்கள் இதைப் பற்றி எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஏன் எழுதுகிறீர்கள் என்று கொண்டோ கேட்டார். புதிய கற்பித்தல் முறை என்றேன். இந்தியாவிலா என்றார். இந்தியாவில்தான் என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்றே முக்காலுக்கு ஒலிபெருக்கி. பள்ளிக்குப் பின்புறம் கரடி, யாரும் வெளியே போக வேண்டாம். அதே நிதானமான குரல். நான் இரண்டாவது மாடி நடையில் இருந்தேன். பிள்ளைகளெல்லாம் பின்பக்க ஜன்னல்களுக்கு ஓடினார்கள். கீழே காக்கி மரத்தடியில் கரடி நின்றது. யாரும் பழம் பறித்திருக்கவில்லை. கரடி நான் நினைத்ததைவிடச் சின்னது, ஆனால் அகலம். அதற்கு இந்தப் பக்கம், நாற்பதடி தூரத்தில், இவதானி சென்செய் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தன் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கும் கரடிக்கும் இடையில் ஒரு சைக்கிள் கொட்டகை. அதனால் அவருக்குக் கரடி தெரியவில்லை.

எல்லா ஜன்னல்களிலிருந்தும் பிள்ளைகள் கத்தினார்கள். ஊர் முழுக்க ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவே இல்லை. பையைத் துழாவிச் சாவியைத் தேடிக்கொண்டே நடந்தார்.

நான் படியிறங்கி ஓடியது உள்ளே போடும் செருப்போடு. ஓடிக்கொண்டே தமிழில் கத்தியிருக்கிறேன். 'நில்லுங்கம்மா, நில்லுங்க' என்று கத்தியதாக நினைவு. எந்த மொழியில் கத்தினாலும் ஒன்றுதான். பின்னால் போய்க் கையைப் பிடித்தேன். அவர் பையைச் சுழற்றி என் காதோடு ஒன்று வைத்தார். உள்ளே திருத்தாத தேர்வுத் தாள்கள் இருந்தன, கனமான பை. பிறகு என் முகத்தைப் பார்த்தார், என் கை காட்டிய பக்கம் பார்த்தார்.

பள்ளிக் கதவைவிடக் கார் பக்கத்தில் இருந்தது. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். தீப்பெட்டி மாதிரி கார். என் முழங்கால் முகத்தில் இடித்தது. கரடி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பழம் தின்னத் தொடங்கிவிட்டது. இருபத்தைந்து நிமிடம் தின்றது.

இங்கேயும் ஓட்டுநர் இருக்கை வலதுதான். ஆகவே நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன், முதன்முறையாக. அவர் முழுதாக என் பக்கம் திரும்பி, என் வாயைப் பார்க்கும்படி உட்கார்ந்தார். முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

அவரே சொன்னார். இடது காது போய் ஆறு வருடம். வலது காது இரண்டு வருடமாகக் குறைந்துகொண்டே வருகிறது. காதில் வைக்கும் கருவி வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார், பெட்டி பிரிக்கவில்லை. காது கேட்காத ஆள் எப்படி அந்நிய மொழி நடத்த முடியும் என்று வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிறது.

"அது மட்டும் காரணமில்லை. யாரிடமும் சொல்லாத வரைக்கும் அது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் இல்லையா," என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கரடி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன், ஜப்பானிய மொழியில், இறந்தகாலத்தில். எனக்கு ஒரு மகள் இருந்தாள். போன வருடம் ஆகஸ்டில். இரண்டு நாள்.

அவர், "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார். வகுப்பில் சொல்வாரே, அதே தொனியில்.

அவருக்குக் கேட்கவில்லை. நான் கரடியைப் பார்த்துக்கொண்டு முனகியிருக்கிறேன். திரும்பி, அவர் முகத்துக்கு நேராக, மறுபடி சொன்னேன். 'இரண்டு நாள்' என்பதை 'இரண்டு பேர்' என்று எடுத்துக்கொண்டார். இரண்டு விரலைக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து, சத்தமாக, மூன்றாவது முறை சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து என் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னதுகூட வடிவின் அக்காதான். நான் யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. இன்று ஒரே நாளில் மூன்று முறை, கத்தி.

இந்த முறை இவதானி சென்செய்க்குப் புரிந்தது. பையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். பை இடித்த காதில் வைத்துக்கொள்ளவா, கண்ணிலா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பயன்பட்டது.

கரடியைப் பட்டாசு போட்டு மலைக்கு விரட்டினார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

காக்கி மரத்தை வெட்டிவிட்டார்கள்.

இவதானி சென்செய்க்கு ஒலிபெருக்கி ஏன் கேட்கவில்லை என்று கொண்டோ என்னிடம் கேட்டார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது என்றேன். நேற்றுக் காற்றே இல்லை. "அப்படியா, காற்றா," என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் வழியாக மரமில்லாத இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

நான்கு மணிக்குக் காத்திருக்காமல் நானே மூன்றரைக்குக் கூப்பிட்டேன். வடிவு பதறிப்போய், உடம்புக்கு என்ன என்றாள். ஒன்றுமில்லை, எனக்கு எல்லாம் கேட்டது என்றேன்.

"எது கேட்டுச்சு?"

"நீ சொன்னது எல்லாம். சிக்னல் எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

 அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு டிவி சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"அந்த அம்மா வந்துபோனதைச் சொன்னேனே, அன்னைக்கு அழுதுக்கிட்டேதான் பேசுனேன். அதுவுமா?"

"ஆமா."

"ஏழு மாசமா நான் சுவத்துக்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். சுவத்துக்காவது காது இல்லைன்னு ஒரு நியாயம் உண்டு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

காலைக் கூட்டத்தில் இவதானி சென்செய் எழுந்து, தனக்குக் காது கேட்பதில்லை, இதுவரை மறைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லித் தலை தாழ்த்திக் குனிந்தார். காதில் அந்தக் கருவி இருந்தது. நிமிரவே இல்லை.

கொண்டோ எழுந்து அவருக்கு நேரே வந்து நின்றார். நிமிரும் வரை காத்திருந்தார். இரண்டு வருடமாக எல்லோருக்கும் தெரியும் என்றார். அவராகச் சொல்லட்டும் என்று இருந்தார்களாம். பள்ளியில் எல்லோரும் அவரிடம் கொஞ்சம் உரக்கவே பேசி வந்திருக்கிறார்கள். ஜப்பானியர்கள் பொதுவாகவே உரக்கப் பேசுகிறவர்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த வருடமும் அவர்தான் ஆங்கிலம். பலகையில் எழுதும் 'இந்திய முறை' தொடரும் என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

எடுக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

எடுக்கவில்லை. முதல் பனி. வாசலில் வழி வெட்டினேன். அடுத்த வீட்டுக்காரர் மண்வெட்டியைப் பிடிக்கும் விதம் தவறு என்று காட்டினார்.

டிசம்பர் 8, ஞாயிறு

வடிவின் அக்கா எடுத்தாள். வடிவு நன்றாக இருக்கிறாளாம், பேச விருப்பமில்லையாம். அந்த அம்மா மறுபடி வருவாரா என்று கேட்டேன். அதை நீங்கள் அவளிடம் கேளுங்கள் என்றாள்.

டிசம்பர் 12, வியாழன்

அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டிக்க விருப்பமா என்று ஊர் அலுவலகத்திலிருந்து படிவம். ஆம், இல்லை என இரண்டு கட்டம். 'இல்லை'யில் வட்டம் போட்டு முத்திரை குத்தினேன். இங்கே கையெழுத்துக்குப் பதில் முத்திரை. என் முத்திரையிலும் எள்தான்.

இவதானி சென்செயிடம் முதலில் சொன்னேன். வடிவு பேசாமல் இருப்பதையும் சொன்னேன். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டார். போஸ்ட் ஆபீஸில் என்றேன்.

"போஸ்ட் ஆபீஸில் போன் வந்தால் எடுத்துத்தானே ஆக வேண்டும்," என்றார்.

டிசம்பர் 14, சனி

இங்கே விடுமுறை, ஊரில் வேலை நாள். மூன்று மணிக்கு, ஊரில் பதினொன்றரைக்கு, போஸ்ட் ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டேன். போஸ்ட் மாஸ்டர் இசக்கியப்பன் எடுத்தார். ஜப்பானிலிருந்து என்றதும் அங்கே இப்போது மணி என்ன, குளிர் எப்படி, பாம்பு தின்பார்களாமே என்றெல்லாம் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, "வடிவம்மா, உங்க சார்வாள்" என்று கூப்பிட்டது கேட்டது.

"சொல்லுங்க. கவுண்டர்ல ஆளு நிக்கி," என்றாள் வடிவு.

மார்ச் கடைசியில் வந்துவிடுவேன், எழுதிக் கொடுத்தாயிற்று என்றேன். அந்த அம்மாவிடம் சொல் என்றேன்.

"எந்த அம்மா?"

"வீட்டுக்கு வந்தாங்கள்ல, அவங்க."

"எதுக்கு வந்தாங்க?"

வரிசையில் நிற்கிறவர்களுக்கும் இசக்கியப்பனுக்கும் அவள் பேச்சு கேட்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"நாம எடுக்கப்போற பிள்ளைக்காக வந்தாங்க," என்றேன். "அவங்க போன வருஷத்தைப் பத்திக் கேட்டா நானும் கூட இருந்து சொல்லுதேன். நம்ம பிள்ளைக்கு முகத்துல அப்படியே உன் நாடி. ரெண்டு நாளும் கண்ணாடி வழியா அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். உங்கிட்ட சொன்னதில்ல."

 ரிசீவரை எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. கட் ஆகவில்லை.

நான் வைக்கவில்லை. எங்கள் ஊர்ப் போஸ்ட் ஆபீஸ் முழுதும் கேட்டது. ஒருத்தர் சூரத்துக்குப் பார்சல் அனுப்ப வந்திருந்தார், பின்கோடு தெரியவில்லை. வடிவு தேடிச் சொன்னாள். எடைத்தட்டில் ஏதோ வைத்தார்கள். முத்திரை விழுந்தது, ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக. ஒரு கிழவர் தபால் தலையை எச்சில் தொட்டு ஒட்டலாமா என்று கேட்டார். பசை இருக்கிறது தாத்தா என்றாள். அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். இங்கே வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. பதினாறு நிமிடம்.

ரிசீவரை எடுக்கும் சத்தம்.

"இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்," என்றேன்.